எந்த டிவி, எந்த வாரன்டி: வட சென்னை வீட்டுக்கு ஒரு கணக்கு

டிவி வாங்கப் போகிறவரிடம் ஷோரூமில் நிறையக் கேள்விகள் கேட்பார்கள். எத்தனை இன்ச், என்ன பட்ஜெட், ஈஎம்ஐயா ரொக்கமா, எக்ஸ்சேஞ்சுக்குப் பழைய டிவி இருக்கிறதா. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். வட சென்னையில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். காலையில் பக்திப் பாட்டு, பிள்ளைகள் கிளம்பும்வரை கார்ட்டூன், அப்புறம் பழைய படம், மதியத்திலிருந்து சீரியல், ராத்திரி செய்தி என்று பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அணையாமல் ஓடும் டிவிகள் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு உண்டு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

டிவியைத் தேர்ந்தெடுத்து முடித்து, பில் போடும் இடத்துக்கு வந்ததும் இன்னொரு கேள்வி வரும்: "எக்ஸ்டெண்டட் வாரன்டி போட்டுடலாமா சார்? இன்னும் ரெண்டு வருஷம் கவலை இல்ல." பின்னால் வரிசை நிற்கும், பிள்ளை பசிக்கிறது என்று கையைப் பிடித்து இழுக்கும். அந்த அரை நிமிடத்தில் மூவாயிரமோ ஐயாயிரமோ கைமாறிவிடும்.

திரையைத் தேர்ந்தெடுப்பதையும் வாரன்டியை முடிவு செய்வதையும் இரண்டு தனி வேலையாகத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். இரண்டும் ஒரே முடிவு என்பதே என் கருத்து. எந்த வகைத் திரை என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் அதில் எது கெடும் என்பது இருக்கிறது. எது கெடும் என்று தெரிந்தால்தான், வாரன்டி அதற்குக் காசு கொடுக்குமா என்று படித்துப் பார்க்க முடியும்.

திரைக்குப் பின்னால்

2006 தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவிதான் இந்தப் பக்கம் பல வீடுகளுக்கு முதல் கலர் டிவி. அது பிக்சர் டியூப் வகை. கண்ணாடியின் உட்பக்கம் பூசியிருக்கும் பாஸ்பரே ஒளிர்வதால், கட்டிலில் படுத்துப் பார்த்தாலும் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாலும் நிறம் மாறாது. இடையில் பிளாஸ்மா வந்தது. நல்ல படம், ஆனால் கரண்ட் அதிகம் குடிக்கும், சூடும் அதிகம். 2014 வாக்கில் பெரிய நிறுவனங்கள் எல்லாமே அதைக் கைவிட்டுவிட்டன.

இன்று கடையில் எத்தனை பெயர் இருந்தாலும் குடும்பம் இரண்டுதான். பின்னாலிருந்து வெளிச்சம் போட்டு முன்னால் மறைத்து மறைத்துக் காட்டும் எல்சிடி ஒன்று. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி இன்னொன்று. எல்இடி டிவி, க்யூஎல்இடி, மினி எல்இடி ஆகிய மூன்றும் எல்சிடி குடும்பத்துப் பிள்ளைகள்.

எல்சிடியில் திரவப் படிகம் என்ற மெல்லிய அடுக்கு கதவு மாதிரி வேலை செய்கிறது. மின்சாரம் கொடுத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் அந்தக் கதவு திறக்கும், மூடும். வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. முன்பு அதற்கு மெல்லிய குழல் விளக்குகள் வைத்திருந்தார்கள், இப்போது வெள்ளை எல்இடிகள். நீல எல்இடியைக் கண்டுபிடித்த பிறகுதான் வெள்ளை எல்இடியே சாத்தியமானது. அதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. கதவு எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். ராத்திரி விளக்கை அணைத்துப் பார்க்கும்போது கறுப்பு சாம்பலாகத் தெரிவது அந்தக் கசிவால்தான்.

எல்சிடியிலேயே பேனல் இரண்டு வகை, ஐபிஎஸ், விஏ. பெட்டியின் மேல் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் வாழ்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான விகிதம் 3000-க்கு 1, 5000-க்கு 1 என்று போகும். பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் பேனலின் விகிதம் 1000-க்கு 1 அளவில்தான், ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தாலும் முகத்தின் நிறம் அப்படியே இருக்கும். வாரியக் குடியிருப்பில் டிவியைச் சுவரில் உயரமாக மாட்டியிருப்பார்கள். ஒருவர் கட்டிலில், இருவர் தரையில், ஒருவர் வாசற்படியில் என்று பார்க்கும் வீட்டில் நேர் எதிரே உட்காரும் இடம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அங்கே ஐபிஎஸ்தான் சரி. கடையில் கண்டுபிடிப்பதும் எளிது: ஒரு முகம் திரையில் நிற்கும்போது பக்கவாட்டில் நாலடி நகர்ந்து பாருங்கள், அப்புறம் குனிந்து கீழிருந்து பாருங்கள். முகம் வெளுத்தால் விஏ.

க்யூஎல்இடியில் பின்விளக்குக்கு முன்னால் குவாண்டம் டாட் என்ற நுண்துகள்கள் பரவிய ஒரு தாள் கூடுதலாக இருக்கிறது. துகளின் அளவைப் பொறுத்து அது உமிழும் நிறம் மாறும். நீல வெளிச்சத்தை வாங்கித் தூய சிவப்பும் பச்சையுமாக மாற்றிக் கொடுக்கும். இந்தத் துகள்களைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்கு 2023 வேதியியல் நோபல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் போனது. நிறம் கூடும் என்பது உண்மை. கறுப்பின் கசிவு அப்படியேதான் இருக்கும். அந்தக் குறைக்கு மருந்து மினி எல்இடி. நூறு விளக்கு இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகளை வைத்து, பகுதி பகுதியாக அணைத்து ஏற்றுவார்கள். பகுதிகள் எத்தனை என்பதைப் பொறுத்தே தரம். சில நூறு பகுதிகள் இருந்தால் நன்றாக இருக்கும். சில பத்துதான் என்றால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்போது சுற்றிலும் புகை மாதிரி ஒரு வெளிச்சம் தெரியும்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. 1987இல் கோடக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் செய்து காட்டியது, 2007இல் சோனியின் 11 இன்ச் டிவியாகவும், 2013இல் எல்ஜியின் 55 இன்ச் டிவியாகவும் கடைக்கு வந்தது. புள்ளி அணைந்தால் முழு இருட்டு. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் படம் மாறாது. படம் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த திரை இன்று வீட்டு விலையில் இல்லை. ஆனாலும் நாள் முழுக்க டிவி ஓடும் வட சென்னை வீடு ஒன்றுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஓஎல்இடியில் ஒளிர்வது கரிமச் சேர்மம். எரிய எரிய அது தேயும். நீலம் எல்லாவற்றிலும் வேகமாகத் தேயும். திரை முழுக்க ஒரே அளவில் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. செய்திச் சேனலின் சின்னம் மூலையில் அசையாமல் நிற்கிறது, கீழே சிவப்புப் பட்டையில் செய்தி ஓடுகிறது, தினமும் ஆறேழு மணி நேரம் அதே இடம். அங்கே மட்டும் தேய்மானம் கூடி, வேறு சேனல் மாற்றினாலும் நிழலாக நின்றுவிடும். இதைத் தடுக்க டிவியே ஒரு வேலை செய்கிறது. கூட்டிப் பார்த்து நாலு மணி நேரம் போல ஓடியதும், ரிமோட்டில் அணைத்த பிறகு, ஸ்டேண்ட்பையில் இருந்தபடியே புள்ளிகளை அளந்து சில நிமிடங்கள் சரிசெய்துகொள்ளும். அதற்குக் கரண்ட் வேண்டும். நம் வீடுகளில் என்ன பழக்கம்? படுக்கும் முன் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்போம். எந்தச் சேல்ஸ்மேனும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பல நிறுவனங்களின் வாரன்டி விதிகளில் இந்த நிழல் படிவது உத்தரவாதத்துக்கு வெளியே என்று எழுதியே இருக்கும். வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் மெயினை அணைக்காமல் விட வேண்டும், செய்தியைக் குறைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், வெயில். வாசலும் பால்கனிக் கதவும் திறந்தே கிடக்கும் வீட்டில் மதியம் டிவி பார்க்க ஓஎல்இடியின் வெளிச்சம் பற்றாமல் போகலாம். மினி எல்இடி அந்த வெளிச்சத்தைத் தாங்கும்.

கேபிள் படமும் பெரிய திரையும்

'புது டிவியில் கேபிள் படம் ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது' என்று டிவி வாங்கிய வாரத்திலேயே கேட்காத வீடு குறைவு. டிவியில் குறை இல்லை. சாதாரணக் கேபிள் சேனல் வருவது 576 வரிகளில். 43 இன்ச் திரையின் உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். அதில் 576 வரிகளைப் பரப்பினால் ஒரு வரி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல பார்வை உள்ளவர் பத்தடிக்குள் உட்கார்ந்தால் அந்தச் சொரசொரப்பு தெரியும். நம் அறையே பத்தடிதானே. 14 இன்ச் பெட்டியில் அதே படம் பளிச்சென்று இருந்ததற்கும் இதுதான் காரணம்.

இதே கணக்கு, ஃபுல் எச்டியைப் போல நாலு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே திரை விஷயத்தில் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. 43 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அதற்குமேல் நுணுக்கம் கண்ணுக்குப் பிடிபடாது. எட்டடியில் உட்காருபவருக்கு 43 இன்ச்சில் 4கே என்பதால் வரும் லாபம் மிகக் குறைவு. (இப்போது 43 இன்ச் என்றாலே 4கேதான் அதிகம் கிடைக்கிறது, கூடுதல் காசு கேட்காதவரை சரி.) அந்தப் பணத்தை நல்ல பேனலுக்கோ, கேபிளில் எச்டி பேக்குக்கோ கொடுப்பது மேல்.

கடையில் ஓடுவது எப்போதும் 4கே டெமோ வீடியோ, அதுவும் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்து. பென்டிரைவில் வீட்டில் பார்க்கும் சாதாரணப் படம் ஒன்றை எடுத்துப்போய்ப் போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் போடும் கடையில் வாங்கலாம்.

எது கெடுகிறது

இந்தப் பக்கம் அதிகம் விற்பது 32, 43 இன்ச் எல்சிடி டிவிகள்தான். அவற்றில் மெக்கானிக் கடைக்கு வருவது பெரும்பாலும் ஒரே புகார்: சத்தம் வருது, படம் வரலை. வீட்டில் எல்லோரும் 'டிஸ்ப்ளே போச்சு' என்று முடிவு கட்டி, புது டிவி விலையை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தண்டையார்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் முதலில் ஸ்குரூ டிரைவரை எடுக்கவே மாட்டார். டிவியைப் போட்டு, அறை விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்த்துப் பிடிப்பார். உற்றுப் பார்த்தால் அந்த வட்ட வெளிச்சத்துக்குள் படம் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கும். "பாருங்கண்ணா, பேனல் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி பட்டிதான் போயிருக்கு" என்பார். பட்டி என்பது எல்இடிகள் வரிசையாக ஒட்டிய நீளமான ஸ்ட்ரிப். கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் செட் மாதிரி அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒரு விளக்கு போனால் அந்த வரிசையே அணையும், டிவியின் பாதுகாப்புச் சுற்று மொத்தப் பின்விளக்கையும் நிறுத்திவிடும். பட்டி மாற்றும் செலவு பேனல் விலையில் ஒரு சிறு பங்கு. பேனலோ டிவி விலையில் பாதியைத் தாண்டும். டார்ச் அடித்துப் பார்க்காமல் டிஸ்ப்ளே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பட்டி ஏன் போகிறது? சூடு. விலை குறைந்த டிவிகளில் விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் முழு வேகத்தில் எரிய விடுகிறார்கள். ஒவ்வொரு விளக்கின் மேலும் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு குட்டி லென்ஸ் ஒட்டியிருக்கும். சூட்டில் பசை காய்ந்து லென்ஸ் விழுந்தால் திரையில் வெள்ளை வட்டம் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்த டிவி பெரும்பாலும் அதிக வெளிச்சத்தில்தான் இருக்கும். செட்டிங்ஸில் பேக்லைட்டைப் பாதிக்கு இறக்கிவிட்டால் அறைக்குள் பார்ப்பதற்கு அதுவே போதும், விளக்கின் ஆயுள் கூடும். கரண்டிலும் மிச்சம்: 80 வாட் டிவி பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட் போல ஆகிறது. நமக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுவது வேறு சங்கதி. பேனலின் ஓரத்தில் போர்டோடு இணைக்கும் மெல்லிய ஃபிலிமின் ஒட்டு விட்டுப்போவதால் பெரும்பாலும் அது வருகிறது. சூடும் ஈரமும் அதற்கு எதிரி. அந்த ஒட்டைத் திரும்பப் போட மெஷின் வேண்டும், எல்லாக் கடையிலும் கிடையாது. சர்வீஸ் சென்டரில் பேனலையே மாற்றச் சொல்வார்கள்.

இனி நம் ஊர்க் காரணங்கள். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கடலுக்கு அருகில் இருக்கும் வீடுகளில் ஜன்னல் கம்பியும் ஏசி வெளிப்பெட்டியும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். அதே உப்புக்காற்றுதான் டிவியின் பின்பக்கத் துவாரங்கள் வழியாகப் போர்டுக்கும் போகிறது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக டிவியை மாட்ட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

அடுத்தது கரண்ட். லோ வோல்டேஜைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறோம். இன்றைய டிவிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். லோ வோல்டேஜ் டிவியைக் கொல்வதில்லை. கொல்வது திடீரென்று எகிறும் வோல்டேஜ். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் பக்கம் வரலாம். ஒரே நிமிடத்தில் தெருவில் இருக்கிற டிவி, மிக்சி, ஃபேன் எல்லாம் போகும். எல்லை தாண்டினால் துண்டித்துவிடும் ஹை கட் உள்ள ஸ்டெபிலைசர் அதற்குத் தடுப்பு. இடி மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும். செட்டாப் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மின்னல் வருவது அடிக்கடி நடப்பது.

அப்புறம் தண்ணீர். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டிலும் வட சென்னையின் தரைத்தள வீடுகள் பட்ட பாடு நினைவிருக்கும். 2023இல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. ஸ்டாண்டில் வைத்த டிவி போனது, சுவரில் உயரமாக மாட்டியது தப்பித்தது. தாழ்வான தெருவில் இருப்பவர்கள் வால் மவுண்டுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

வாரன்டி அட்டையில் என்ன இருக்கிறது

இப்போது அந்த அட்டையை எடுத்துப் படியுங்கள். எது உண்டு என்பது இரண்டு வரியில் முடிந்துவிடும். எது இல்லை என்பதுதான் நீளும்: வோல்டேஜ் ஏற்ற இறக்கம், மின்னல், வெள்ளம், துரு, பூச்சி, எலி, பல்லி, உடைப்பு, அங்கீகாரம் இல்லாதவர் திறந்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வாசகம் மாறும், சாரம் இதுதான். நம் பகுதியில் டிவியைக் கெடுக்கும் காரணங்களைத் தேடி எடுத்து எழுதிய மாதிரி இருக்கும். எக்ஸ்டெண்டட் வாரன்டி என்பது பெரும்பாலும் இதே விலக்குகளோடு காலத்தை மட்டும் நீட்டுவது. வெள்ளத்துக்கும் மின்னலுக்கும் காப்பு வேண்டும் என்றால் அதற்கு வீட்டுக் காப்பீடு இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வீட்டுப் பொருள்களையும் சேர்க்கலாம், வாடகைக்கு இருப்பவர் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். இதைப் பற்றி நம் தெருக்களில் யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மிச்சம் இருப்பது உற்பத்திக் கோளாறும் தேய்மானமும். உற்பத்திக் கோளாறு பெரும்பாலும் முதல் வருடத்திலேயே தலைகாட்டும், அப்போது கம்பெனி வாரன்டியே இருக்கிறது. தேய்மானம் சில வருடம் கழித்து வரும். நடுவில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது வருடம்தான் பொதுவாகச் சிக்கல் குறைந்த காலம். அந்தக் காலத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆனால் முதலில் சொன்ன மணிக்கணக்கு இங்கே வருகிறது. நாளுக்கு நாலு மணி நேரம் பார்க்கும் வீட்டில் வருடத்துக்கு 1,460 மணி. பன்னிரண்டு மணி நேரம் ஓடும் வீட்டில் 4,380. மற்றவர் வீட்டு டிவி மூன்று வருடத்தில் ஓடும் ஓட்டத்தை நம் வீட்டு டிவி ஒரே வருடத்தில் ஓடிவிடுகிறது. தேய்மானம் நமக்கு மூன்றாவது வருடத்துக்குள்ளேயே வரலாம். எக்ஸ்டெண்டட் வாரன்டியே வேண்டாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் அறிவுரை நம் பகுதிக்கு முழுதாகப் பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, டிவி 30,000 ரூபாய், இரண்டு வருட நீட்டிப்பு 3,000, பேனல் மாற்ற 18,000 என்று வைத்துக்கொள்வோம். பேனலே போகும் வாய்ப்பு ஆறில் ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் அந்த 3,000 நியாயம். கெடப்போவது பட்டிதான் என்றால் நீட்டிப்புக்குக் கொடுக்கும் தொகையும் ரிப்பேர்ச் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து நிற்கும். 32 இன்ச் டிவிக்கு நீட்டிப்பு வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஸ்டெபிலைசர் வாங்கலாம். 43 இன்ச்சுக்கு, நாள் முழுக்க ஓடும் வீடாக இருந்து, கம்பெனியே நேரடியாகக் கொடுப்பதாக இருந்து, பேனலும் பின்விளக்கும் சேரும் என்று எழுத்தில் இருந்தால் யோசிக்கலாம். லட்சத்தைத் தொடும் மினி எல்இடி, ஓஎல்இடி என்றால் வாங்குவதுதான் புத்தி. அங்கே பேனல் போனால் தெரு மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது, ஸ்பேர் வெளியில் கிடைப்பதும் கஷ்டம். சாதாரண எல்சிடிக்குப் பட்டியும் போர்டும் ரிச்சி தெருவில் கிடைத்துவிடும்.

வாங்குவதாக இருந்தால் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். டிவி கம்பெனியா, கடையா, மூன்றாவது ஒரு நிறுவனமா? கம்பெனி என்றால் அவர்களுடைய சர்வீஸ் ஆளே வருவார். மற்ற இரண்டில் போன் அடித்து, போட்டோ அனுப்பி, ஒப்புதலுக்குக் காத்திருந்து என்று இழுக்கலாம். காலம் எங்கே தொடங்குகிறது என்பது அடுத்த சிக்கல். 'மூன்று வருட வாரன்டி' என்பதில் கம்பெனியின் முதல் வருடமும் சேர்ந்திருக்கும். டிவிக்கு வயதாக ஆகக் கொடுக்கும் தொகையைக் குறைக்கும் தேய்மானக் கழிவு உண்டா, சரிசெய்ய முடியாவிட்டால் பணமா கூப்பனா என்பதும் அதே தாளில் சின்ன எழுத்தில் இருக்கும்.

எல்லாவற்றையும்விட உபயோகமான செய்தி இது: பல கம்பெனிகள், முதல் வருட வாரன்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிப்பை வாங்க அனுமதிக்கின்றன. பில் கவுன்டரில் முடிவு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. பத்து மாதம் ஓட்டிப் பார்த்து, டிவி எப்படி இருக்கிறது, வீட்டில் எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கம்பெனியின் கஸ்டமர் கேரிலேயே கேட்டு வாங்கலாம். கடையில் "இப்ப போடலைன்னா அப்புறம் கிடைக்காது" என்று சொன்னால் அது அந்தக் கடையின் திட்டத்துக்கு மட்டுமே உண்மையாக இருக்கலாம்.

ஈஎம்ஐயில் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். கேட்காமலே வாரன்டியைச் சேர்த்து, மாதத்துக்கு நூறு ரூபாய்தானே என்று காட்டும் வழக்கம் உண்டு. வாரன்டி எடுத்தால்தான் இந்த விலை, இந்த ஈஎம்ஐ என்று கட்டாயப்படுத்துவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிக நடைமுறையாக, அதாவது புகார் செய்யக்கூடிய தவறாகப் பார்க்கிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுடையது.

காசு வாங்கிய பிறகு சர்வீஸுக்கு வராமல் இழுத்தடித்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து அதன் எண்ணை வாங்கி வையுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடையோ கம்பெனியோ எங்கிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். இணைய வழியிலும் போடலாம்.

அங்கே கேட்கப்போவது இரண்டு விஷயம், பில்லும் சீரியல் நம்பரும். பல கடைகளின் பில் தெர்மல் தாளில் வருகிறது, நம் ஊர்ச் சூட்டில் ஒரு வருடத்தில் எழுத்து அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும்; வாங்கிய அன்றே போட்டோ எடுத்து இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் டிவியின் முதுகில் இருக்கும். சுவரில் மாட்டிவிட்டால் கண்ணுக்கே எட்டாது. இன்ஸ்டலேஷனுக்கு வருபவர் ஆணி அடிக்கத் தொடங்கும் முன்னரே அதையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.